தூக்கிச் சென்றவர்களின் பெயர்

கண்டி மஹியாவ மயானத்தில் ஜேம்ஸ் டெய்லரின் கல்லறை இருக்கிறது. லூல்கந்துர தோட்டத்தைச் சேர்ந்தவர், இந்தத் தீவில் தேயிலைக்கும் சிங்கோனாவுக்கும் முன்னோடி, 1892 மே 2ஆம் திகதி 57 வயதில் காலமானவர் என்ற விவரம் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. இத்தனை காலம் மழையில் நனைந்தும் எழுத்தைப் படிக்க முடிகிறது. தேயிலை வணிகர்களும் ஸ்கொட்லாந்திலிருந்து வருபவர்களும் வழி விசாரித்து வந்து பார்த்துவிட்டுப் போகிறார்கள். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்த நாமும் வெளியூர்க்காரரைக் கூட்டிப்போய் அந்தக் கல்லைக் காட்டியிருக்கிறோம். 'எங்கள் மலையில்தான் முதல் தேயிலை' என்று சொல்லும்போது நம் குரலில் பெருமை ஏறிவிடும்.

அந்த உடல் லூல்கந்துரவிலிருந்து மஹியாவைக்கு எப்படி வந்தது? தேயிலை வரலாற்றை எழுதியவர்கள் இதைப் பதிந்திருக்கிறார்கள். டெய்லர் பருத்த மனிதர். 246 இறாத்தல் எடை. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக இரண்டு அணி பிரிந்து, நான்கு மைலுக்கு ஒருமுறை தோள் மாற்றி, மலையிறங்கிக் கண்டிவரை பதினெட்டு மைல் தூக்கி வந்தார்கள். கங்காணிமாரும் தொழிலாளரும் 'சாமி துரை' என்று சொல்லிக்கொண்டு பின்னால் நடந்தார்கள். பிணத்தின் எடை எழுதப்பட்டிருக்கிறது. தோள் மாற்றிய தூரம் எழுதப்பட்டிருக்கிறது. தூக்கிய இருபத்துநான்கு பேரில் ஒருவருடைய பெயரும் அந்தப் பக்கங்களில் இல்லை.

அந்த இருபத்துநான்கு பேரும் நம் பாட்டன்மார். அவர்கள் செத்தபோது எந்த மலையில், எந்த மரத்தடியில் குழி வெட்டினார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நாம் முயன்றதும் இல்லை. முதலாவதற்கு வெள்ளைக்காரனைக் குறை சொல்லலாம், பெரிய கங்காணியைச் சொல்லலாம், காலத்தைச் சொல்லலாம். இரண்டாவதற்கு நாமேதான் பதில் சொல்ல வேண்டும்.

கண்டியைப் போலக் கல்லறைகளைப் பேணும் ஊர் இந்த நாட்டில் குறைவு. தலதா மாளிகைக்குப் பின்புறம், தேசிய அருங்காட்சியகத்தைத் தாண்டி ஏறினால் பிரித்தானியப் படைமுகாம் மயானம் வரும். இருநூறுக்குச் சற்றுக் குறைந்த பேர் அங்கே கிடக்கிறார்கள். 1815 கண்டி உடன்படிக்கையோடு பெயர் இணைந்துவிட்ட ஜோன் டொய்லி 1824இல் இறந்து அங்கேதான் அடக்கமானார். 1856இல் யானை அடித்துச் செத்த ரொபட்சன் என்பவரும் அங்கே இருக்கிறார். காய்ச்சலில் போன இளைஞர்கள், பிள்ளைப்பேற்றில் போன தாய்கள், பால்குடி மறவாத குழந்தைகள் என்று எல்லாருக்கும் பெயரும் வயதும் உண்டு. பலருக்கு என்ன நோயில் இறந்தார் என்பதுவரை தெரியும். காடாகக் கிடந்த அந்த இடத்தை 1998இல் திருத்தி எடுத்தார்கள். இப்போது புல் வெட்டியபடி இருக்கிறது.

நகரின் மேற்குப் பக்கம் பிட்டகந்தவில் போர் மயானம். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இறந்தவர்கள் ஏறக்குறைய இருநூறு பேர். பிரித்தானியர், கிழக்கு ஆபிரிக்கர், இந்தியர், இலங்கையர் எல்லாரும் வரிசை வரிசையாக. அங்கே பதவி பார்ப்பதில்லை. அதிகாரிக்கும் சிப்பாய்க்கும் ஒரே அளவுக் கல். கென்யாவிலோ தன்கனீகாவிலோ பிறந்து, கடல் தாண்டி வந்து, யாரென்று தெரியாத நாட்டில் செத்த ஓர் ஆபிரிக்கச் சிப்பாயின் பெயரைக் கண்டியில் நின்று வாய்விட்டுப் படிக்கலாம். நானும் படித்திருக்கிறேன். அந்தப் பையனுக்கு வாய்த்தது என் பூட்டனுக்கு வாய்க்கவில்லையே என்று முதலில் கோபம் வந்தது. நடந்து வெளியே வரும்போது கோபத்தின் திசை மாறிவிட்டது. அந்தக் கற்களை நட்ட ஆணைக்குழு போரில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் நாடுகள் காசு போட்டு நடத்துகிற ஒன்று. தன் ஆட்களின் பெயரை எழுதிவைக்க வேண்டும் என்று அவர்கள் முடிவெடுத்தார்கள். நாம் எடுக்கவில்லை.

நமக்குக் கல் நடத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவனுக்குக் கல் எடுத்த இனம் நாம். தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கிடைத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுக்கும் மேல் பழையவை. அவற்றில் செத்தவனின் பெயர் தமிழி எழுத்தில் இருக்கிறது. கல்லைத் தேர்வது முதல் வாழ்த்துவது வரையான சடங்கைத் தொல்காப்பியம் படிப்படியாகச் சொல்கிறது. மலைக்கு வந்த பிறகும் கல் நடுவதை நாம் விட்டுவிடவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் சுற்றும் சக்கரத்துக்கு ரோதைமுனி என்று ஒரு தெய்வம், கவ்வாத்துக் கத்திக்குக் கவ்வாத்துசாமி, காட்டின் எல்லையில் முனியாண்டி. எல்லாவற்றுக்கும் கல் நட்டு, மஞ்சள் பூசி, கோழி அறுத்தோம். கத்தி பிடித்த கைக்கு மட்டும் கல் நடவில்லை.

ஆரம்பத்தில் அது நம் கையில் இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. 1823இல் ஜோர்ஜ் பேர்ட் கம்பளைக்குப் பக்கத்தில் சின்னப்பிட்டியவில் கோப்பி நட ஆள் கொண்டுவந்த நாள் தொட்டு, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டுப் பாதையில் விழுந்தவர்களை யார் புதைத்தார்? பெரும்பாலும் யாரும் புதைக்கவில்லை. 1840களில் மட்டும் எழுபதாயிரம் பேர்வரை மடிந்தார்கள் என்று அந்தக் காலத்திலேயே கணக்குச் சொன்னார்கள். அந்தத் தொகையைப் பற்றி ஆய்வாளர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் என்பதில் வாதமில்லை. வாந்திபேதியில் ஒரு குழுவே சாய்ந்தால், நடக்க முடிந்தவர்கள் நடந்துகொண்டே போக வேண்டியதுதான். நின்று குழி வெட்டினால் அடுத்த குழி வெட்டியவனுக்கு.

2023இல் இருநூறு ஆண்டு நிறைவை ஒட்டித் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நம்மவர்கள் நடந்தார்கள். மிக நல்ல காரியம். வழியில் பல ஊர்க்காரர்கள், சிங்களவரும் முஸ்லிம்களும் கூட, தண்ணீர் கொடுத்து வரவேற்றார்கள். பாதையில் மாண்ட பெயரற்றவர்களை நினைத்து நாம் உருகினோம். வீடு திரும்பியவர்களில் எத்தனை பேர், தம் தோட்டத்து மயானத்துக்குப் போய்த் தாத்தாவின் குழிமேடு எங்கே என்று பார்த்தோம்? இருநூறு ஆண்டுக்கு முந்தியவர்களுக்காக அழுவது ஒரு விதத்தில் சுலபம். அங்கே நம் பங்குக் குற்றம் எதுவும் இல்லை.

நம் மயானங்களின் நிலைமையை நமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. தோட்டத்தின் ஒதுக்குப்புறம், ஆற்றோரம் அல்லது தேயிலை பிடிக்காத பாறைச்சரிவு. அந்த நிலம் நமக்கு எழுதித் தரப்பட்டதும் இல்லை. சாவு விழுந்தால் தோட்டத்தில் குழிவெட்ட ஆள் விடுவார்கள், பலகை கிடைக்கும், மரண உதவிச் சங்கம் சீனி, தேயிலை, பெட்ரோமாக்ஸ் என்று ஏற்பாடு செய்யும். தப்பு அடித்துக்கொண்டு போவோம். மூன்றாம் நாள் பால் தெளிப்போம். பதினாறில் கருமாதி முடிந்தால் அந்தப் பக்கம் மறுபடி போவது அடுத்த சாவுக்குத்தான். மண்மேடு இரண்டு மழைக்குக் கரையும். தலைமாட்டில் குத்திய குச்சி மாடு இழுத்துப் போகும். ஆறேழு வருசத்தில் அதே இடத்தில் இன்னொரு குழி வெட்டுவோம். மண்வெட்டியில் எலும்பு தட்டுப்பட்டால் ஓரமாக ஒதுக்கி மூடிவிடுவோம். யாருடைய எலும்பு என்று கேட்பவர் இல்லை. சில இடங்களில் பாதி மயானம் மரக்கறித் தோட்டமாகிவிட்டது. கோவா நட்டவர் வேற்றாள் இல்லை, நம் சொந்தக்காரர்தான்.

இதை எழுதுவது யாரையும் வெட்கப்படுத்த இல்லை. நான் உட்பட எல்லாரும் அந்தப் பாதையில் நடந்தவர்கள்.

காசு இல்லை என்ற பதில் உடனே வரும். அது ஒரு காலத்தில் முழு உண்மை. இன்று அது பாதி உண்மைகூட இல்லை. நம் பிள்ளைகள் கொழும்பில் வேலை செய்கிறார்கள், வெளிநாட்டில் இருக்கிறார்கள், ஆசிரியர்களாக, அதிபர்களாக, அரச அலுவலர்களாக இருக்கிறார்கள். ஒவ்வொரு தோட்டத்திலும் கோயில் எழும்பியிருக்கிறது. கும்பாபிஷேகத்துக்கு இலட்சக்கணக்கில் திரட்டுகிறோம். கோயில் மணியிலும், சுவர்க்கடிகாரத்திலும், தரைக்கல்லிலும் 'உபயம்' என்று போட்டு இன்னார் குடும்பம் எனப் பெயர் பொறிக்கிறோம். பெயர் பொறிப்பதன் அருமை நமக்கு நன்றாகத் தெரியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? உயிரோடு இருப்பவரின் பெயருக்கு இடம் இருந்தது. அந்த மலையைக் காடாக இருந்தபோது வெட்டித் திறந்தவரின் பெயருக்கு இருக்கவில்லை.

இனிச் சொல்லப்போவது காசை விடக் கசப்பானது. மயானத்தில்கூட நாம் ஒன்றாகப் படுக்கவில்லை. லயங்களைச் சாதிப் பெயரால் அழைத்த காலத்தில் குழிகளும் அப்படியே பிரிந்தன. குடியானவர் ஒரு பக்கம், மற்றவர் ஒரு பக்கம். மேட்டில் ஒரு கூட்டம், தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் ஒரு கூட்டம். வெள்ளைத்துரை எல்லாரையும் ஒரே பெரட்டில் நிறுத்தினான். செத்த பிறகு பிரித்துப்போட்டது நாம். குழி வெட்டியவரையும் தப்படித்தவரையும் சாவு வீட்டு முற்றத்துக்கு மேல் ஏற விடாமல் நிறுத்தியதும் நாம்தான். ஒரு தோட்டத்தின் சாவுகள் அத்தனையையும் மனப்பாடமாகத் தெரிந்து வைத்திருந்தவர் குழிவெட்டியவர். எந்த ஆண்டு, எந்தப் பக்கம், யாருக்குப் பக்கத்தில் யார் என்பது அவருக்குத் தெரியும். அவரைத் திண்ணையில் உட்கார வைத்து இதைக் கேட்க நம் பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. அவரோடு அந்தப் பதிவேடும் மண்ணுக்குள் போய்விட்டது. அந்த அறிவை நாம் தொலைத்ததற்கு வறுமை காரணமில்லை, சாதிதான் காரணம்.

பெண்களின் கதை இன்னும் மோசம். மலையில் கொழுந்து எடுத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது என்று வைத்தோம். ஆகவே தாயின் குழி எது என்று மகளுக்குத் தெரியாமலே போயிற்று. மரணத்தைச் சொல்லும்போதும் இன்னாருடைய பெஞ்சாதி, இன்னாருடைய ஆத்தா என்றுதான் சொன்னோம். செக்றோல் புத்தகத்தில் ஒவ்வொரு நாளும் அவர்களுடைய பெயர் கூப்பிடப்பட்டது. கூலி கணக்குப் பார்க்கிற கணக்கப்பிள்ளைக்குத் தெரிந்திருந்த பெயர் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியவில்லை.

ஹேவாஹெட்டவில் ஒரு பெயரையாவது நாம் காப்பாற்றியிருக்க வேண்டும். முல்லோயா தோட்டத்தில் 1940 ஜனவரியில் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் நடந்தபோது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் சூட்டில் செத்தார். லங்கா சமசமாஜக் கட்சி தோட்டங்களில் சங்கம் கட்டிக்கொண்டிருந்த காலம் அது. அந்த ஒரு சாவு கொழும்பு வரை அதிர்ந்தது. அரசாங்க சபைக்குள்ளும் வெளியிலும் எழுந்த எதிர்ப்பால் விசாரணை ஆணைக்குழு அமைக்க நேர்ந்தது. கோவிந்தனின் மனைவிக்காகக் கொல்வின் ஆர். டி சில்வா ஆஜராகிப் பொலிசாரையும் தோட்ட நிர்வாகத்தையும் குறுக்கு விசாரணை செய்தார். அதையொட்டிய வழக்குகளை ஒத்திப்போடுவதில் உள்நாட்டு அமைச்சருக்கும் பொலிஸ் மாஅதிபருக்கும் முரண்பாடு மூண்டு, ஆளுநர் கல்டிகொட் பொலிஸ் பக்கம் நின்றதால், அமைச்சரவையே பதவி விலகியது. இலங்கையின் அரசியலமைப்பு வரலாற்றைப் படிக்கிற மாணவர் எவரும் 'முல்லோயா நெருக்கடி'யைத் தாண்டாமல் போக முடியாது.

அந்தப் புத்தகங்களில் தோட்டத்தின் பெயர் இருக்கிறது, அமைச்சர்களின் பெயர் இருக்கிறது, ஆளுநரின் பெயர் இருக்கிறது. செத்தவனின் பெயரைத் தேட வேண்டியிருக்கிறது. அது அவர்கள் எழுதிய வரலாறு. நாம் எழுதியது என்ன? கோவிந்தனை நாம் அடியோடு மறந்தோம் என்று சொல்ல மாட்டேன். தொழிற்சங்க மேடைகளில் அவர் பெயர் ஒலிக்கும். டெவன் தோட்டத்தில் 1977இல் காணி பறிபோவதைத் தடுக்கப் போய்ச் சுடப்பட்ட சிவனு லெட்சுமணனின் பெயரையும் சேர்த்துச் சொல்வோம். அண்மைக் காலத்தில் ஜனவரி 10ஐ மலையகத் தியாகிகள் தினமாகச் சில அமைப்புகள் அனுசரிக்கின்றன. ஆனாலும் கோவிந்தன் எந்த லயத்தில் இருந்தார், எந்த மாவட்டத்திலிருந்து அவருடைய அப்பா வந்தார், பிள்ளைகள் எத்தனை, அவர்கள் என்ன ஆனார்கள்? இவற்றைச் சொல்லக்கூடியவர் நம் நடுவே எத்தனை பேர்? வாதாடிய வழக்கறிஞரின் பெயரை நாம் எல்லாரும் சொல்வோம். அந்த மனைவியின் பெயரைச் சொல்ல முடிகிறதா?

டெய்லரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 1852இல், பதினாறு பதினேழு வயதில் இங்கே வந்தவர். 1867இல் லூல்கந்துரவின் ஏழாம் நம்பர் மலையில் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை வைத்தார். ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. கடைசியில் கம்பெனிக்காரர்களே அவரை வேலையிலிருந்து விலகச் சொன்னார்கள். அதைக் கேட்டுக் கொஞ்ச நாளில் செத்தார். அவருக்கும் நெஞ்சில் நோவு இருந்திருக்கும். அந்த மனிதர் மேல் எனக்குப் பகையில்லை. அவர் தகப்பனுக்கு எழுதிய கடிதங்கள் எடின்பரோவில் தேசிய நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றை வைத்து 2017இல் முழுப் புத்தகமே வந்தது. அவர் வசித்த மரவீட்டின் புகைபோக்கி லூல்கந்துரவில் இன்றும் நிற்கிறது. அவர் உட்கார்ந்து மலை பார்த்த கல் இருக்கைக்கு வழிகாட்டிப் பலகை உண்டு. ஹந்தானையில் 2001இல் திறந்த தேயிலை அருங்காட்சியகத்தில் அவருக்கென்று தனி இடம். தம்மவரைப் பற்றி அக்கறை கொண்டவர்கள் செய்தது இது. செய்யத்தான் வேண்டும்.

நம் பக்கத்தில் எதுவுமே இல்லை என்பதும் சரியில்லை. கம்பளைக்கு அருகே பழைய லயமொன்றில் 2007இல் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் தொடங்கினார்கள். சி. வி. வேலுப்பிள்ளை ஆங்கிலத்தில் எழுதிய தேயிலைத் தோட்டப் பாட்டு, புதைந்து கிடக்கும் முன்னோரை நினைத்து உருகியது. சக்தீ பால ஐயா அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பாட்டை விழாக்களில் மாணவர்களைக் கொண்டு வாசிக்க வைக்கிறோம். வாசித்த மாணவனை அழைத்துப் போய்ப் பக்கத்து மயானத்தைக் காட்டிய பாடசாலை ஒன்றை நான் பார்த்ததில்லை.

நடுவில் நம்மைப் பிய்த்துப் போட்ட ஒன்றையும் மறைக்கக்கூடாது. 1948இல் பிரஜாவுரிமை போனது. 1964இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தில் ஐந்தே கால் இலட்சம் பேரை இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். கப்பலேறியவர்களோடு குழிமேடுகளைக் காக்கும் பொறுப்பும் ஏறிப் போயிற்று. மண்டபம் முகாமிலும் கூடலூரிலும் கோத்தகிரியிலும் நெருப்புப்பெட்டி வீடுகளில் கிடந்தவர்கள், ஹேவாஹெட்டவில் விட்டுவந்த தாயின் குழிக்கு விளக்கேற்ற எப்படி வருவார்கள்? எஞ்சிய நாம் அவர்களுக்காகவும் அதைச் செய்திருக்க வேண்டும். அண்ணன் இந்தியா போனான், இனி அந்தக் குடும்பத்துக் குழி நமக்கெதற்கு என்று விட்டுவிட்டோம்.

இன்னொன்று இதிலும் வருத்தமானது. 1949 சட்டப்படி பிரஜாவுரிமை கேட்டு இரண்டு இலட்சத்து முப்பதாயிரத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் போனபோது, நம்மவர்கள் ஒவ்வொரு காகிதத்தையும் தேடி எடுத்தார்கள். துண்டு, பிறப்புச் சான்று, மரணச் சான்று, பெரிய கங்காணியின் பற்றுப் புத்தகம், பாட்டன் எந்த ஆண்டில் எந்தத் தோட்டத்தில் பேர் பதிந்தார் என்ற விவரம். எழுத்துத் தெரியாதவர்கள் எழுதுவினைஞரைப் பிடித்து, தலைமுறைக் கதையைச் சொல்லி நிரப்பினார்கள். தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய அந்தக் கடதாசிகள்தான் நம் குடும்ப வரலாறு. 2003இல் எல்லாருக்கும் பிரஜாவுரிமை கிடைத்த பிறகு அவை நமக்குக் குப்பையாகத் தெரிந்தன. லயத்திலிருந்து தனிவீட்டுக்கு மாறும்போது எத்தனை பெட்டிகளை எரித்தோம்! அடுக்களை அடுப்பில் போன துண்டுகளில் லூல்கந்துரவின் இருபத்துநான்கு பேரின் பெயரும் இருந்திருக்கலாம்.

எரியாதவை இன்னும் இருக்கின்றன. மரண உதவிச் சங்கங்களின் பழைய கொப்பிகள் யாரோ ஒரு முன்னாள் செயலாளரின் வீட்டில் கிடக்கும். யாருக்கு எந்தத் திகதியில் எவ்வளவு கொடுத்தோம் என்ற கணக்கு அதில் உண்டு. பிரதேச செயலகங்களில் மரணப் பதிவுகள் இருக்கின்றன. எண்பது கடந்த கிழவிமார் இருக்கிறார்கள். அவர்களைக் கைபிடித்து மயானத்துக்குக் கூட்டிப்போனால், எந்தப் புதருக்குக் கீழே யார் என்று காட்டக்கூடியவர்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் ஓரிருவராவது இருப்பார்கள். பெண்கள் மயானத்துக்கு வரக்கூடாது என்று சொல்பவர்கள் அன்று வீட்டில் இருக்கட்டும்.

முல்லோயா ஆணைக்குழுவின் முன் கோவிந்தனின் மனைவி சார்பாக வழக்கறிஞர் நின்றார் என்றால், அந்த ஏடுகளில் அவருடைய பெயர் எழுதப்பட்டிருக்க வேண்டும். அக்கால அரசாங்க ஏடுகளைத் தேடுகிறவர்கள் முதலில் போவது கொழும்பில் உள்ள தேசிய சுவடிகள் கூடத்துக்கு. கண்டியிலிருந்து ரயிலில் ஏறினால் மூன்று மணி நேரம். இதற்காக நம் பகுதியிலிருந்து யாரும் போய்வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. வரும் ஜனவரியில் தியாகிகள் தினக் கூட்டத்துக்கு முன் போய்விட்டு வர நாள் இருக்கிறது. உயர்தரம் படித்த இரண்டு பிள்ளைகளை அனுப்பலாம். வழிச்செலவைக் கோயில் நிதியிலிருந்து கொடுக்கலாம்.